நம் காலடியில் ஒரு கடல்



பாரிட் புந்தாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளி பரந்து கிடக்கிறது. இக்கரையோரச் சமவெளியில் ஒரு காலத்தில் கடலலை புரண்டது என்றால் நம்புவீர்களா? அதற்குச் சான்று மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அச்சான்றைத் தேடி எடுத்து ஆராய்பவரே நிலவியலாளர். அவருடைய பணியை மூன்று படிகளாகப் பிரித்துக் காண்போம்.

முதலாவது, புதைந்தவற்றை அறிதல். நிலத்தைத் துளையிட்டு, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மண் எடுக்கிறார். சாம்பல் நிறக் களிமண்ணில் கடற்சிப்பி ஓடுகள் இருந்தால், அது கடல் படியவிட்ட மண் என அறிகிறார். ஓடுகளிலும் மரத்துண்டுகளிலும் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கிறார். அக்கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இரண்டாவது, வரைபடம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறிக்கப்படாத சிப்பி வெறும் சிப்பியே. குறிக்கப்பட்ட சிப்பியோ வரலாற்றுச் சான்று.

இத்துறையில் பேராக் மாநிலத்தை ஆராய்ந்தவர்களுள் சுந்தரலிங்கம் குறிப்பிடத்தக்கவர். கம்பாருக்கு மேற்கேயுள்ள, 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறையடுக்குகளைப் பற்றிய அவரது கட்டுரை 1968இல் வெளிவந்தது. பின்னர் 1980ஆம் ஆண்டுகளில் கரையோர மண்ணடுக்குகளை வகைப்படுத்தினார். அவற்றுக்கு சிம்பாங், கூலா, புருவாஸ் என நம் மாநிலத்து ஊர்ப்பெயர்களே வழங்குகின்றன. சிப்பி கலந்த கடற்களிமண் கூலா அடுக்கைச் சேர்ந்தது. நமக்கு அண்மையிலுள்ள கோலகூலாவை நினைவூட்டும் பெயரன்றோ அது! ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது.

மூன்றாவது, கணினி. பல துளைகளின் குறிப்புகளைக் கணினியில் சேர்த்தால், லாப்பிஸ் பலகாரத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் நிலத்தின் அடுக்குகள் திரையில் தோன்றும். ஆனால் இரு துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் கணினி ஊகித்தே வரைகிறது. களத்தில் எடுத்த குறிப்பு பிழையானால் படமும் பிழையாகும்.

இதனால் விளையும் பயன் யாது? மென்மையான கடற்களிமண் பாரம் தாங்காது. அதன் ஆழம் அறியாமல் கட்டிய வீடு அமிழும், சாலை பிளக்கும். ஈயம் கிடைக்கும் இடத்தையும், உப்புக் கலவாத நிலத்தடி நீரையும் தேட இவ்வரைபடமே வழிகாட்டி.

பெற்றோர்களே! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் மண்வெட்டி பிடித்துக் கால்வாய் வெட்டினர். தாம் வெட்டிய மண்ணின் வரலாற்றைப் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. இன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகளை ஒருமுறை ஈப்போ நிலவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே! கணிதம், அறிவியல், வரைபடப் பயிற்சி ஆகிய மூன்றையும் ஊன்றிக் கற்பீர். கால்வாய்க் கரையில் சிப்பி ஓடு கண்டால், இடத்தையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுவீர். நிலவியலாளரின் முதற்பாடம் அதுவே.