மேகப் பேரேட்டில் பைத்தான் வழியே விவரம் தேடுதல்

ஒரு பள்ளி நூலகத்தில் நூல் கடன் பேரேடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு லட்சம் வரிகள் உள்ளன. "215ஆம் எண் மாணவி ஜூன் மாதத்தில் எடுத்த நூல்கள் யாவை?" என்று நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் கேட்கிறார். பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியும் விடை கூறலாம். மாணவி வாரியாக ஏடு பிரித்து வைத்திருந்தால், 215ஆம் ஏட்டை மட்டும் எடுத்து ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்தும் கூறலாம். விடை ஒன்றுதான், உழைப்புதான் வேறு. அமேசான் நிறுவனத்தின் டைனமோடிபி என்னும் தரவுத்தளத்தில் முதல் முறைக்கு ஸ்கேன் என்றும், இரண்டாம் முறைக்குக் குவெரி என்றும் பெயர். அங்கே உழைப்புக்கு ஏற்பக் கட்டணமும் ஏறும்.

1970இல் காட் என்னும் அறிஞர் தரவுகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை வெளியிட்டார். அதன் மேல் எழுந்ததே எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழி. அதன் ஆற்றல் பெரிது. ஆயினும் அமேசான் நிறுவனத்தார் தங்கள் தரவுத்தளங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காடு வேலைகள் ஒரு திறவுகோலைக் கொடுத்து ஒரு வரியைப் பெறுவதாகவே இருக்கக் கண்டனர். இன்னும் 20 விழுக்காடு, ஒரே அட்டவணையிலிருந்து சில வரிகளைப் பெறுவது. அவ்வளவுக்கு உறவுமுறைத் தரவுத்தளம் எதற்கு என்ற கேள்வியிலிருந்து டைனமோ பிறந்தது. 2007இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 2012இல் டைனமோடிபி என்ற பெயரில் எவரும் வாடகைக்குப் பெறும் சேவை தொடங்கியது. மேகம் என்று சொன்னாலும், இது தரையில் நிற்கும் கட்டடங்களில் ஓடும் கணினிகளே. இந்தியாவில் மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 முதலும் அந்நிறுவனத்தின் மையங்கள் இயங்குகின்றன.

இனி நம் பேரேட்டை அதில் அமைப்போம். ஒவ்வொரு பதிவுக்கும் பகிர்வுத் திறவுகோல் ஒன்று வேண்டும். அது உறுப்பினர் எண்ணாக இருக்கட்டும். டைனமோடிபி இந்த எண்ணை ஹாஷ் என்னும் கணக்கில் இட்டு, பதிவு எந்தப் பகுதியில் தங்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. எனவே குவெரி செய்யும்போது இந்த எண்ணை முழுமையாகவும் சரியாகவும் கூற வேண்டும். "210 முதல் 220 வரை" என்று கேட்டால் நடவாது. ஹாஷ் கணக்கு அடுத்தடுத்த எண்களைத் திசைக்கொன்றாகச் சிதறடித்துவிட்டது அல்லவா?

ஓர் எண்ணுக்குள் இருக்கும் பதிவுகளை வரிசைப்படுத்த இரண்டாவதாக வரிசைத் திறவுகோல் உண்டு. அதைக் கடன் நாள் எனலாம் என்று தோன்றும். ஆனால் ஒரே நாளில் ஒரு மாணவி இரண்டு நூல்கள் எடுத்தால் இரண்டு பதிவுகளின் திறவுகோலும் ஒன்றாகி, பின்னது முன்னதை அழித்துவிடும். ஆகையால் நாளையும் நூல் எண்ணையும் ஒட்டி "2024-06-12#4471" என்று எழுதுகிறோம். ஆண்டு முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. சொற்றொடர்கள் எழுத்து வரிசையில்தான் அடுக்கப்படும். "12-06-2024" என்று நம் வழக்கப்படி எழுதினால் எல்லா மாதங்களின் 12ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

இப்போது பைத்தானுக்கு வருவோம். நிரலை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இது தமிழ்ப் பக்கமாகையால் பெயர்களை ஒலிப்படியே எழுதுகிறோம். அமேசான் சேவைகளோடு பேசப் பைத்தானுக்கு உதவும் நூலகத்தின் பெயர் போட்டோ3. நிழற்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் டால்ஃபினின் பெயர் அது! இதை இம்போர்ட் செய்து, இதன் கண்டிஷன்ஸ் பகுதியிலிருந்து கீ, அட்டர் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். பிறகு ரிசோர்ஸ் என்னும் அழைப்பால் டைனமோடிபியைப் பெற்று, டேபிள் என்பதற்கு நம் அட்டவணையின் பெயரைக் கொடுக்கிறோம். அந்த டேபிளின் குவெரி செயலுக்குக் கீ கண்டிஷன் எக்ஸ்பிரஷன் என்ற இடத்தில் இரு நிபந்தனைகள் தருகிறோம். உறுப்பினர் எண் 215க்குச் சமம் என்பது ஒன்று. வரிசைத் திறவுகோல் "2024-06" என்று தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு ஈக்யூ, பின்னதற்குப் பிகின்ஸ் வித் என்ற சொற்கள். ஜூன் மாத நூல்கள் நாள் வரிசையில் வந்து நிற்கும். புதியது முதலில் வேண்டுமானால் ஸ்கேன் இண்டெக்ஸ் ஃபார்வர்ட் என்பதைப் பொய் என்று குறித்தால் போதும்.

பிட்வீன் என்ற நிபந்தனையும் உண்டு. "2024-06-01" முதல் "2024-06-30" வரை என்று அதற்குக் கொடுத்தால் 30ஆம் தேதி எடுத்த நூல்கள் வாரா. "2024-06-30#4471" என்பது "2024-06-30" என்பதைவிட நீளமானது. ஆகவே வரிசையில் அதற்குப் பின்னால் நிற்கும். மேல் எல்லையை "2024-07-01" என்று வைத்தால் சரியாகிவிடும்.

செலவைச் சற்றுக் கணக்கிடுவோம். ஒரு பதிவு 400 பைட் என்றால், ஒரு லட்சம் பதிவுகள் ஏறத்தாழ 40 மெகாபைட். நான்கு கிலோபைட் வரை படிப்பதற்கு ஓர் அலகு. சற்றே பழைய விவரமாக இருந்தாலும் போதும் என்றால் அரை அலகு. அப்படிப் பார்த்தால் முழு ஸ்கேனுக்கு 5000க்குச் சற்றுக் குறைந்த அலகுகள் ஆகும். 215ஆம் எண்ணுக்கு 50 பதிவுகள் இருந்து அவை அனைத்தையும் குவெரி செய்தாலும் இரண்டரை அலகுதான். நாள் முழுதும் நூறு பேர் கேட்கும் இடத்தில் இந்த வேறுபாடு எங்கே போய் நிற்கும் என்பதை மாணவியர் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

இங்கே பலரும் ஃபில்டர் எக்ஸ்பிரஷனை நம்பி ஏமாறுகின்றனர். "திருப்பிய நாள் குறிக்கப்படாதவை மட்டும்" என்று வடிகட்டச் சொன்னால், டைனமோடிபி முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பிறகே வடிகட்டுகிறது. கட்டணம் படித்ததற்கு; கையில் கிடைத்ததற்கு அன்று. வந்த விடையில் கவுண்ட் என்றும் ஸ்கேன்ட் கவுண்ட் என்றும் இரு எண்கள் இருக்கும். முன்னது 3, பின்னது 2600 என்று இருந்தால் திறவுகோலைச் சரியாக அமைக்கவில்லை என்று பொருள்.

செலவைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. எவ்வளவு கேட்டாலும் ஒரு தடவைக்கு 1 மெகாபைட்டுக்கு மேல் டைனமோடிபி படிக்காது. மிச்சம் இருக்கக்கூடுமானால் லாஸ்ட் எவால்யுவேட்டட் கீ என்ற அடையாளத்தைத் தருகிறது. நாம் அதை எக்ஸ்க்ளூசிவ் ஸ்டார்ட் கீ என்று திருப்பிக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் 50 பதிவுகளுக்கு இது தேவைப்படாது. அதனால்தான் சிறு சோதனைகளில் எல்லா நிரல்களும் தேறிவிடுகின்றன!

கல்வியாண்டைப் பகிர்வுத் திறவுகோலாகவும், நாளும் நூல் எண்ணும் சேர்ந்ததை வரிசைத் திறவுகோலாகவும் கொண்டு தனிச் சுட்டி ஒன்று அமைத்ததாகக் கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 12,000 பதிவுகள், ஏறத்தாழ 4.8 மெகாபைட், ஐந்து தடவை கேட்க வேண்டும். நூல் திருப்பாதோர் பட்டியல் வேண்டி வடிகட்டியோடு கேட்கிறோம். ஆண்டின் தொடக்கத்தில் எடுத்தவை எல்லாம் திரும்பிவிட்டதால் முதல் தடவை வருவது வெறும் பட்டியல். அடையாளத்தைப் பாராத நிரல், "நிலுவை எவருக்கும் இல்லை" என்று அச்சிட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் கடுமை. திருப்பியவர் பட்டியலை எடுத்து, அதில் பெயர் உள்ளோர்க்கே நிலுவையில்லாச் சான்று என்று முறை வைத்திருந்தால், ஐந்தாம் பக்கத்தில் இருக்கும் மாணவி நூலைத் திருப்பியும் திருப்பாதவள் ஆகிறாள். அவளுடைய தந்தை மாற்றுச் சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நிற்க நேரும். கணினியே சொல்கிறது என்றால் அவர் யாரிடம் போய் வாதாடுவார்? மருத்துவமனைப் பதிவிலோ வங்கிக் கணக்கிலோ விளைவு இதனினும் பெரிது.

இதற்குப் பைத்தானில் ஒரு வைல் சுற்றுப் போதும். வந்த பதிவுகளைப் பட்டியலில் சேர், அடையாளம் இருக்கிறதா பார், இருந்தால் அதைக் கொடுத்து மீண்டும் கேள், இல்லையேல் நிறுத்து. நிறுத்துவதற்குச் சான்று அடையாளம் இல்லாமையே. பட்டியல் வெறுமையாக வந்ததை அதற்குக் கொள்ளக்கூடாது. லிமிட் என்ற எண்ணும் இப்படித்தான். அது வடிகட்டுவதற்கு முன் எத்தனை பதிவுகளைப் பார்ப்பது என்பதற்கு எல்லை. லிமிட் 1 என்று வைத்து வடிகட்டினால் ஒன்றும் கிடைக்காமலே போகலாம்.

மேலே சொன்ன தனிச் சுட்டிக்கு உலகளாவிய துணைச் சுட்டி என்பது பொருள்படும் பெயர். அது பேரேட்டின் மற்றொரு படி போன்றது. அதற்கு இடமும் எழுதுகூலியும் தனி. மூல அட்டவணையில் எழுதியது அதில் சற்றுப் பிந்தியே சேரும். எனவே நூலைத் திருப்பிய மறுகணமே அச்சுட்டியில் தேடினால் பழைய நிலையே தெரியக்கூடும். மூல அட்டவணையில் கன்சிஸ்டன்ட் ரீட் என்று கேட்டுப் புதிய நிலையைப் பெறலாம். இவ்வகைச் சுட்டியில் அவ்வசதி இல்லை.

வீட்டில் கணினி உள்ளவர்கள் செலவின்றிப் பழகுவதற்கு, சொந்தக் கணினியிலேயே ஓடும் டைனமோடிபி லோக்கல் கிடைக்கிறது. ஓர் எண்ணின் கீழ் 12 பதிவுகள் இட்டு, லிமிட் 5 என்று வைத்துக் கேளுங்கள்: ஐந்து, ஐந்து, இரண்டு என்று வரும். பிறகு இரண்டை நீக்கி, 10 பதிவுகளோடு கேளுங்கள். இரண்டாம் தடவையே எல்லாம் வந்துவிட்டாலும் அடையாளம் கூடவே வரக்கூடும். அதைக் கொடுத்து மூன்றாம் தடவை கேட்டால் வெறும் பட்டியலும், அடையாளம் இல்லாத விடையும் வரும்.