பொட்டலம் பாட்டு எழுதாது

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர்ப் பக்கம் செல்போனில் பீட்டைப் போட்டுக்கொண்டு ராப் எழுதக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, கஞ்சிரா தட்டியே வயதான ஒருவன் சொல்வது. கேட்பதும் விடுவதும் உங்கள் பாடு.

1. முதலில் தாளம். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் நம் புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்த வழியில் வாய் சொல்கட்டு பழகிய பிறகே கை தோலைத் தொடும். 'தகதிமி'யை மூன்று காலத்திலும் சொல்லிப் பாருங்கள், நீங்கள் 'ஃப்ளோ' என்பது அங்கேதான் இருக்கிறது. கஞ்சா முதலில் கைவைப்பதும் அங்கேதான். நேரம் நீள்வதாகத் தோன்றும். பாடுகிறவன் தாளத்தின் மேல் மிதப்பதாக நினைப்பான். எடுப்பு தப்புவது கேட்கிறவனுக்குத்தான் தெரியும்.

2. போதையில் எழுதியதை அன்றைக்கே வெளியே விடாதீர்கள். 2022-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கஞ்சா எடுத்தவர்கள் தங்கள் யோசனைகளை ஆகா ஓகோ என்று மதிப்பிட்டார்கள். யோசனைகள் என்னவோ மற்றவர்களுடையதைவிட மேலாக இல்லை.

3. "கண்ணதாசன் குடிக்கவில்லையா?" என்று ஒருவன் கேட்காமல் இந்தப் பேச்சு முடிந்ததில்லை. குடித்தார். பெத்தடின் ஊசியிலும் சிக்கினார். மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கணக்கை முன்னாலிருந்து பாருங்கள். நம் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த 'திருமகள்' பத்திரிகையில் சேர்ந்தபோது அவர் எட்டாம் வகுப்புத் தாண்டாத பையன். கம்பன், பட்டினத்தார், சித்தர்கள் என்று தானே படித்து மனத்தில் ஏற்றினார். பின்னாளில் மெட்டைக் கேட்டதும் வரி வரியாகக் கொட்டியது அந்தச் சேமிப்பு. 1981 அக்டோபரில் சிகாகோவில் இறந்தபோது வயது 54. குடி விடாத இன்னொருவர் நடிகர் சந்திரபாபு. பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கைவந்த மனிதர். 1974-இல் போனபோது ஐம்பதைத் தொடவில்லை.

4. ராப்பிலேயே ஆதாரம் வேண்டுமென்றால் எமினெம். 2004-இல் வந்த 'என்கோர்' ஆல்பத்தில் சில பாட்டுகள் மாத்திரை மயக்கத்தில் எழுதியவை என்று அவரே பின்னால் குறைபட்டார். அடுத்த தனி ஆல்பத்துக்கு ஏறக்குறைய ஐந்து வருடம். நடுவில், 2007 டிசம்பரில், மெத்தடோன் அளவு மிஞ்சி உயிர் போய் வந்தது. 2008 ஏப்ரலில் நிறுத்தினார். நிறுத்தியதும் பழைய வேகம் வந்து நிற்கவில்லை. ராப் பண்ணுவதையே முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது என்கிறார். 2009-இன் 'ரிலாப்ஸ்' நெடுக விநோதக் குரல் வேஷம். அடுத்த வருடம் 'ரிகவரி'யில்தான் குரல் தன் இடத்துக்கு வந்தது. (எனக்கு 'ரிலாப்ஸ்' பிடிக்கும், அது வேறு கதை.) போதைப்பொருள் அளவு மிஞ்சி ராப்பர் மேக் மில்லர் 26 வயதில் போனார், ஜூஸ் வேர்ல்ட் 21-இல். மறுபடி கற்க அவர்களுக்கு வருடம் கிடைக்கவில்லை.

5. விட்ட புதிதில் ஒன்றும் வராது. தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எழுதியதெல்லாம் சப்பென்று இருக்கும். "விட்டதால்தான் பாட்டு போச்சு" என்று தோன்றும் நாள் அதுதான். அன்றைக்கும் நாலு வரி எழுதுங்கள், மோசமாகவாவது. தினமும் குடிப்பவர் மட்டும் வீம்புக்குத் திடீரென நிறுத்த வேண்டாம், வலிப்பே வரலாம். டாக்டரிடம் போய்ச் சொல்லி நிறுத்துங்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிட்டால் காசு கிடையாது.

6. "ஒண்ணு போட்டுட்டு மேடை ஏறுடா" என்கிற கூட்டாளியை அடுத்த திருவிழாவுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

7. கஞ்சாப் பொட்டலத்தைப் பற்றிய பாட்டு உலகத்தில் போதுமான அளவு இருக்கிறது. நம் மாவட்டத்தில் எழுத எவ்வளவோ கிடக்கிறது. 2017-இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம், 2018-இல் கஜா புயல், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் கலந்த மலம். இதையெல்லாம் எழுதினால் கேள்வி கேட்க ஆள் வரும். ஊர்க்காரன் கேட்பான், போலீஸ் கேட்கும். வரிக்கு வரி பதில் சொல்கிற நிலையில் இருந்துகொண்டு எழுதுங்கள்.