காமன் கூத்தில் ஆய்வு செய்ய எங்கே போவது?

கேள்வி: கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். மூன்று வருடப் பொதுக் கலைமாணிப் பட்டம் முடித்தவள். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை முதுதத்துவமாணி ஆய்வுக்கு எடுக்கவும், அதைப் படமாக்கவும் ஆசை. “நாடகம் படிச்சு என்ன செய்யப் போற?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அம்மா?

பதில்: படிமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் உங்கள் பட்டம் 5ஆம் மட்டம், முதுதத்துவமாணி 11ஆம் மட்டம். ஒரே தாவலில் அங்கே போவது கடினம். இடையில் ஒரு முதுமாணி செய்யுங்கள். அதிலும் பாடநெறியோடு முடிகிற 9ஆம் மட்டத்தைவிட, ஆய்வேடும் சேர்ந்த 10ஆம் மட்டத்தைத் தேடுங்கள். அந்தச் சிறிய ஆய்வேடுதான் பிறகு பெரிய ஆய்வாக வளரும்.

உங்களுக்குக் கிட்டவே பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருந்தும் அங்கே நாடகத்துறை இல்லை. தமிழில் அரங்கியல் என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். சினிமாவையும் தொலைக்காட்சியையும் சேர்த்துப் படிக்க களனி உண்டு. அங்கே சிங்களமோ ஆங்கிலமோ கைவர வேண்டும். கடல் கடந்தால், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் உங்கள் பொருளுக்கு நெருக்கமானவை. இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைக் கவனித்து வாருங்கள்.

ஆனால் இடத்தை முடிவுசெய்யும் முன் கேள்வியை முடிவுசெய்யுங்கள். ‘மலையக நாட்டார் கலைகள் – ஓர் ஆய்வு’ என்ற மாதிரித் தலைப்போடு எந்த மேற்பார்வையாளரிடமும் போக வேண்டாம். மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் தொகுத்து விவரித்துத் தந்துவிட்டார்கள். அதையே திருப்பி எழுதுவது ஆய்வாகாது. கார்த்திகேசு சிவத்தம்பி பர்மிங்ஹாமில் 1970இல் முடித்த கலாநிதி ஆய்வைப் பாருங்கள். பழந்தமிழரிடம் என்னென்ன கூத்து இருந்தது என்று பட்டியல் போடுவதோடு அவர் நிற்கவில்லை. எப்படிப்பட்ட சமூகத்தில் எப்படிப்பட்ட நாடகம் பிறக்கும் என்று கேட்டார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆய்ந்த சி. மௌனகுரு, அதற்கு முன் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் தயாரிப்புகளில் ஆடிய நடிகர். கூத்தை உள்ளிருந்து அறிந்தவர் எழுதினால் அது தனித்துத் தெரியும். உங்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது.

மாசி அமாவாசை கழிந்த பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் செய்வது வரை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. தஞ்சைப் பக்கத்தில் சிவன் காமனை எரித்த இதே கதையை லாவணிக்காரர்கள் ‘எரிந்த கட்சி, எரியாத கட்சி’ என்று பிரிந்து வாதாடினார்கள். அந்தக் காமன் மலையேறி வந்து, விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டிய மக்களிடம் இரவு இரவாக ஆடும் கூத்தாக எப்படி நிலைத்தான்? காமன் ஊன்றும் பொட்டல் யாருடைய நிலம், செலவு யாருடையது, ரதி வேடம் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும், தப்புப் பறை யார் கையில்? இவை ஒவ்வொன்றும் ஆய்வுக் கேள்விதான்.

கொஸ்லந்தவுக்கே உரிய கேள்வி இன்னொன்று உண்டு. என்னைக் கேட்டால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்குப் பிறகு வேறிடத்தில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். லயத்து வாசலை அரங்காகக் கொண்ட ஒரு கூத்து, மக்கள் இடம்பெயர்ந்து தனி வீடுகளுக்குப் போனபின் என்ன ஆகிறது? இறந்தவர்கள் ஆடிவந்த வேடங்களை யார் எடுத்தார்கள், அல்லது எடுக்கவில்லை? இந்தக் கேள்வியை அந்த மக்களிடம் உட்கார்ந்து கேட்க உங்களைப் போன்ற ஒருவரால்தான் முடியும். துயரத்தைத் தோண்டும் வேலை என்பதால், அவர்கள் சம்மதித்த அளவுக்கு மேல் ஒரு அடிகூட எடுத்துவைக்காதீர்கள்.

படம் எடுப்பது பற்றி. 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர். தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம் அது. கண்டிய நடனம் அதில் இருக்கிறது. தேயிலை பறித்தவர்களின் கூத்து இல்லை. பிறகு ‘தோட்டக்காரி’ (1963), வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975), சுமதி சிவமோகனின் ‘இங்கிருந்து’ (2013) வந்தன. எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். தோட்டத்தை யார் எந்த இடத்தில் நின்று பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள். அதுவே உங்கள் ஆய்வேட்டில் ஒரு இயலாகும்.

உங்கள் ஒளிப்பதிவு அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கமராவை அசைக்காமல் நிறுத்தி, இரவு முழுவதையும் வெட்டாமல் எடுங்கள். ஒலியைத் தனியாகப் பதியுங்கள். தப்புக்கு மிக அருகே வைத்தால் பாட்டு கேட்காது. அரங்கேற்றத்தைவிட ஒத்திகை முக்கியம்: கூத்து மாஸ்டர் பிள்ளைக்கு அடவைத் திருத்துகிற அந்த நேரத்தில்தான் கூத்தின் இலக்கணம் வெளியே வருகிறது. அவருடைய பாட்டுக் கொப்பியைப் படம் பிடித்துத் திருப்பிக் கொடுங்கள். தப்பு அடிப்பவரின் பெயர் ஆய்வேட்டில் மற்றக் கலைஞர்களின் பெயரோடு சமமாக வர வேண்டும். பதிவின் பிரதி ஒன்று தோட்டத்திலேயே இருக்க வேண்டும். படத்தையும் ஆய்வேட்டின் பகுதியாக ஏற்பார்களா என்பதைப் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் முன்பே பீடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குச் சொல்லுங்கள்: நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம், அதைப் படிப்பிக்கத் தேர்ந்தவர்கள் தேவை. விரிவுரையாளர் வேலைக்கும் இந்தப் பட்டங்கள்தான் வழி. அந்த வேலை நிச்சயம் கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் மூத்த மாஸ்டர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், அவருக்கு நினைவிருக்கிற பாட்டு முழுவதையும் பாடச் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.