முழு ஆல்பமாகக் கேட்டல்: ‘பாராசோம்னியா’வை முன்வைத்து

ட்ரீம் தியேட்டர் என்னும் அமெரிக்கக் குழு 2025 பிப்ரவரி 7 அன்று வெளியிட்ட ‘பாராசோம்னியா’, எட்டு உருப்படிகளும் ஏறத்தாழ 71 நிமிடங்களும் கொண்ட அக்குழுவின் பதினாறாவது ஸ்டுடியோ ஆல்பமாகும். 1985இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் மாணவர்களாயிருந்த ஜான் பெட்ரூச்சி, ஜான் மயூங், மைக் போர்ட்னாய் ஆகிய மூவரும் தொடங்கிய இக்குழுவிலிருந்து 2010இல் விலகிய டிரம்ஸ் கலைஞர் போர்ட்னாய், 2023 அக்டோபரில் திரும்பி வந்த பின் உருவான முதல் படைப்பு இது என்பதால், கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்ட ஆல்பங்களுள் இதையும் சேர்க்கலாம். புரோக்ரெசிவ் ராக், அதாவது மூன்று நான்கு நிமிடப் பாட்டு வடிவத்தை மீறி நீண்ட அமைப்பும் மாறும் தாளமும் கொண்டு 1960களின் இறுதியில் பிரிட்டனில் வளர்ந்த ராக் வகை, முதற்கேட்பில் தன்னை முழுதாகக் காட்டுவதில்லை. ஹெவி மெட்டலின் கனத்தையும் அதோடு சேர்த்துக்கொண்ட ட்ரீம் தியேட்டர் போன்ற குழுவின் இசைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவ்வகை ஆல்பங்களோடு பல்லாண்டு பழகியவர்கள் கைக்கொள்ளும் சில முறைகள் இங்கு இந்த ஒரு படைப்பைக் கொண்டே விளக்கப்படுகின்றன.

தொடக்கம் கைப்பேசிச் செயலியின் அமைப்புகளில் இருக்கிறது. பாட்டுகளை வரிசை மாற்றி ஒலிக்கச் செய்யும் ‘ஷஃபிள்’ வசதியையும், ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் ‘கிராஸ்ஃபேட்’ வசதியையும் நிறுத்திவிட வேண்டும். ‘பாராசோம்னியா’ தூக்கக் கோளாறுகளைப் பற்றிய கருப்பொருள் ஆல்பம். உறக்கத்தில் அலறி எழுதல், நடத்தல், நம் ஊரில் அமுக்குவான் என்று சொல்லப்படும் உறக்க முடக்கம் எனத் தனித்தனிக் கதைகள் அதில் உள்ளனவே தவிர, ஒரே கதை தொடர்வதில்லை. கதை தராத தொடர்ச்சியை இசைதான் தருகிறது. வாத்திய இசை மட்டுமே அமைந்த முதல் உருப்படியில் தோன்றும் சில மெட்டுத் துணுக்குகள் பின்னால் வேறு வேகத்திலும் வேறு வாத்தியத்திலும் திரும்ப வருகின்றன. ஆறாவதாக வரும் ‘ஆர் வி ட்ரீமிங்?’ ஒன்றரை நிமிடத்துக்கும் குறைந்தது; தனியே ஒலித்தால் எதுவுமில்லை என்று தோன்றும் அது, முன்னுள்ள ஆரவாரத்திலிருந்து ஏழாவதான ‘பெண்ட் தி க்ளாக்’ என்னும் மென்பாட்டுக்குக் காதைத் தயார்ப்படுத்துவதற்கென்றே இடப்பட்டது.

தாளத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். தமிழ்க் கேட்பவருக்கு இங்கே ஓர் அனுகூலமும் ஓர் ஆபத்தும் உண்டு. மூன்றும் நான்குமாக ஏழு எண்ணும் மிஸ்ர சாப்பு காதில் ஊறியவருக்கு ஒற்றைப்படைத் தாளம் அந்நியமன்று. ஆனால் கீர்த்தனையில் எடுத்துக்கொண்ட தாளம் இறுதிவரை நிற்கும் என்ற நம்பிக்கை புரோக்ரெசிவ் ராக்கில் செல்லாது. இதே குழு 1999இல் வெளியிட்ட ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ ஆறு நிமிடச் சொச்சத்துக்குள் தாளக் கணக்கை நூறு முறைக்கு மேல் மாற்றுகிறது. கைவிரலில் எண்ணத் தொடங்கியவர் அரை நிமிடத்தில் தோற்றுவிடுவார், தோற்றதோடு இசையையும் தவறவிடுவார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, ரிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்கட்டு எங்கே முடிந்து எங்கே மீண்டும் தொடங்குகிறது என்பதை மட்டும் பிடிப்பது பயனுள்ள வழி. கிட்டார் ஒரு கணக்கிலும் டிரம்ஸ் நேரான நான்கிலும் செல்லும் இடங்களில் கிட்டாரைத் தொடராமல், கூர்மையாக வெடிக்கும் ஸ்நேர் டிரம்மின் அடியைத் தொடர்ந்தால் கால் தானாக நிலைபெறும். முற்றிலும் பழக்கமில்லாதவர் பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டுப் பாடலான ‘மணி’யில் தொடங்குவது நல்லது, ஏழில் நடக்கும் அப்பாடல் கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் நான்குக்கு மாறுவதை உணர்ந்துவிட்டவருக்கு மற்றவை படிப்படியாக வசப்படும்.

பாடல் வரிகளை இரண்டாம் முறைக்கு ஒத்திவைக்கலாம். குழுவின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் குரலை வாத்தியங்களுள் ஒன்றாகவே முதலில் கேட்டவர்களுக்குப் பொருள் பின்னர் வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்கு மாறாகத் திரையில் வரிகளைப் படித்துக்கொண்டே கேட்பவர் பேஸ் கிட்டாரைக் கேட்பதேயில்லை. அதை வாசிக்கும் மயூங்கின் வாசிப்பு எப்போதும் முன்னால் நிற்பதன்று. நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் அது கிட்டாரின் நிழலில் மறைந்துவிடும்.

இனி போர்ட்னாய். அவர் திரும்பியதைக் கொண்டாடும் மனநிலை, மைக் மாஞ்சினி டிரம்ஸ் வாசித்த இடைக்காலத்தை வெற்றிடமாகக் கருதும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்திருக்கிறது. குழுவின் முதல் கிராமி விருது 2022இல் மாஞ்சினி டிரம்ஸ் வாசித்த ‘தி ஏலியன்’ என்னும் பாட்டுக்குக் கிடைத்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. அப்பாட்டு இடம்பெற்ற 2021ஆம் ஆண்டு ஆல்பத்தையும் ‘பாராசோம்னியா’வையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும்: மாஞ்சினியிடம் துல்லியமும் கணக்கின் அடர்த்தியும் மேலோங்க, போர்ட்னாய் பாட்டின் வளைவுகளைத் தனியடிகளால் அறிவித்துக்கொண்டே செல்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்பது ரசனைச் சண்டை. எது எங்கே உதவுகிறது என்பதே கேட்டறியத்தக்கது. போர்ட்னாய் வரிகள் எழுதிய ‘மிட்நைட் மெசையா’ பழைய பாட்டுகளைக் குறிப்பால் சுட்டுவது நெடுநாள் ரசிகருக்கு விருந்து, புதியவருக்கோ அத்தனை ருசிக்காது.

ஆல்பத்துக்கு முன்பே தனியாக வெளியான ‘நைட் டெரர்’ போன்றவற்றைப் பல முறை கேட்டுவிட்டவர், முழு ஆல்பத்தை எடுக்குமுன் சில நாள் அவற்றைத் தொடாதிருப்பது நன்று. தனியே வெளியானபோது பெயர்ப் பலகைபோல் நின்ற அப்பாட்டு, முதல் உருப்படியின் துணுக்குகளைத் தொடர்ந்து வரும்போதுதான் தன் இடத்தைப் பெறுகிறது. இதற்கு ஓர் உருப்படி மட்டும் விதிவிலக்காகும். பத்தொன்பதரை நிமிடம் நீளும் இறுதி உருப்படியான ‘தி ஷேடோ மேன் இன்சிடென்ட்’, ஐம்பது நிமிடக் கனத்த இசைக்குப் பின் களைத்த காதுக்கு வந்து சேர்வதால் பெரும்பாலும் அநியாயமாகத் தீர்ப்பிடப்படுகிறது. வரிசையே வேதம் என்னும் தூய்மைவாதிகள் மறுத்தாலும், அதை முதலில் ஒரு காலைப் பொழுதில் தனியாகக் கேட்டுவிட்டு, மறுநாள் முழு ஆல்பத்தின் முடிவில் மீண்டும் சந்திப்பதே அதன் கட்டமைப்பைப் பிடிபடச் செய்கிறது.