மூச்சுக்குழாயைக் காட்டும் கண்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

மனிதத் தொண்டையின் படத்தை உற்றுநோக்கினால் மூச்சுக்குழாயின் வாயிலும் உணவுக்குழாயின் வாயிலும் முன்னும் பின்னுமாக ஒட்டியிருப்பதைக் காணலாம். அறுவைக்காக மயக்கமூட்டப்பட்டுத் தசைகள் தளர்ந்த நோயாளியால் தானே மூச்சுவிட இயலாது. செயற்கைச் சுவாசம் தர, வாய்வழியே ஒரு குழாயை முன்வாயிலில் செலுத்துகின்றனர். அது பின்வாயிலில் நுழைந்து, பிழையை உடனே திருத்தாவிடில் சில நிமிடங்களில் மூளை பழுதுபடும்.

உயிருள்ள மனிதனின் குரல்வளையைக் காணும் முறையைப் பரப்பியவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் கதிரவன் ஒளியையும் கொண்டு தம் குரல்வளையையே அவர் கண்டார். 1943இல் மாக்கின்டாஷ் அமைத்த வளைந்த பிளேடு இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் அதில் மருத்துவரின் கண்ணும் நோயாளியின் குரல்வளையும் நேர்கோட்டில் வந்தாக வேண்டும். பிளேடின் முனையருகே சிறு கேமராவைப் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை குறைகிறது. திரையில் பார்த்தே குழாயைச் செலுத்தலாம். இதுவே வீடியோ லாரிங்கோஸ்கோப். அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் 1,417 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், முதல் முயற்சியிலேயே குழாய் சேர்ந்தது வீடியோ கருவியில் நூற்றுக்கு 85 பேருக்கு. சாதாரணக் கருவியில் 71 பேருக்கு.

இனி நம் கேள்விக்கு வருவோம். இக்கருவியைக் கழுவி மீண்டும் எடுப்பதா, ஒருமுறையோடு எறிவதா?

நம் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி கிருமிகளைக் கொல்வதைப் பார்க்கிறோம். கேமரா உள்ள பிளேடுகள் பல அந்த வெப்பத்தைத் தாங்கா. எனவே குளூட்டரால்டிஹைடு போன்ற மருந்தில் குறித்த நேரம் ஊற வைக்கின்றனர். அதற்கு முன்பு எச்சிலும் இரத்தமும் தூரிகையால் தேய்த்து நீக்கப்பட வேண்டும்; படிந்த அழுக்கு கிருமிக்குக் கவசமாகிவிடும். மருத்துவமனையொன்றில் கருவி கழுவும் என் சித்தி, “மாலையிலே எல்லாம் சேர்ந்து வந்து குவியும்போதுதான் கை அவசரப்படும்” என்பார். மறுபயன் கருவியின் பலமும் பலவீனமும் அந்தக் கையில்தான் இருக்கின்றன.

உறையைப் பிரித்தவுடன் எடுக்கும் பிளேடுக்கு இக்கவலை இல்லை. ஆனால் புதியது என்பதாலேயே நல்லது என்று கொள்ளலாகாது. பிரியான் நோய் அச்சத்தால் இங்கிலாந்தில் 2001 ஜனவரியில் டான்சில் அறுவைக்கு ஒருமுறைக் கருவிகள் கொண்டுவரப்பட்டன. இரத்தப்போக்குச் சிக்கல்கள் மிகவே, அவ்வாண்டு டிசம்பரிலேயே பழைய கருவிகளுக்குத் திரும்பினர். குப்பையும் ஒரு கணக்கு. கேமராவில்லாத சாதாரண லாரிங்கோஸ்கோப்புகளை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தார், ஒருமுறை பிளாஸ்டிக் பிளேடு, கழுவி எடுக்கும் எஃகு பிளேடைப் போல 5 முதல் 6 மடங்கு கரியமில வாயுச் சுமை தருவதாக 2018இல் கணக்கிட்டனர். கேமராவையும் சேர்த்து எறிந்தால் மின்னணுக் கழிவும் கூடும்.

செலவைப் பார்ப்போம். கருவியின் விலையை அது உழைக்கும் தடவைகளால் வகுத்து, ஒவ்வொரு தடவையும் ஆகும் மருந்தையும் கூலியையும் கூட்ட வேண்டும். நாள்தோறும் பல அறுவை நடக்கும் மருத்துவமனைக்கு இக்கணக்கு சாதகம். வாரம் ஒருவர் வரும் இடத்துக்குப் பாதகம். விலைப்பட்டியலில் தோன்றாத ஒன்றும் உண்டு. ஒரே பிளேடு வைத்திருந்தால், அது மருந்தில் ஊறும்போது வரும் இரண்டாம் நோயாளிக்கு என் செய்வது?

கைப்பிடியையும் கேமராவையும் வைத்துக்கொண்டு மேலுறையான பிளேடை மட்டும் மாற்றும் நடுவழியே பெரும்பாலான இடங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆம்புலன்சுக்கும் தொற்றுநோய்ப் பிரிவுக்கும் முழு ஒருமுறைக் கருவி தகும். எப்படியாயினும், ஒருமுறைக்கென்று செய்த பிளேடைச் சிக்கனம் கருதிக் கழுவி மறுநாள் எடுப்பது மட்டும் கூடாது. அதன் இடுக்குகள் தூரிகைக்கென அமைந்தவை அல்ல. மருந்தில் ஊறியபின் அது விரிசல் விடுமா என்று சோதித்து அதை விற்பதும் இல்லை.