பன்றிக் கல்லீரலில் ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்கு

கல்லீரல் கட்டியை எல்லாருக்கும் வெட்டி எடுக்க முடியாது. கட்டி இருக்கும் இடம் சரியில்லாமல் இருக்கலாம், மீதிக் கல்லீரல் ஆபரேஷனைத் தாங்காமல் போகலாம். அப்போது இருக்கும் வழிகளில் ஒன்று, தோல் வழியாக ஒரு ஊசியைக் கட்டிக்குள் இறக்கி அதை உள்ளேயே வேக வைத்துவிடுவது. பெயர் ரேடியோ ஃப்ரீக்வன்சி அப்லேஷன். 1990இல் இத்தாலியில் ரோஸ்ஸி குழுவும் அமெரிக்காவில் மக்கஹான் குழுவும் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். ரெண்டு குழுவுமே முதலில் செய்து பார்த்தது விலங்குகளின் கல்லீரலில்தான்.

ஊசி சூடாகிச் சுடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை, ஊசி வெறும் எலெக்ட்ரோடு. சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் அதன் நுனியிலிருந்து கிளம்பி, தொடையில் ஒட்டிய பெரிய பேட் வழியாக சர்க்யூட்டை முடிக்கிறது. நடுவில் அயனிகள் முன்னும் பின்னும் அசைந்து உராய்வதால் திசுவே சூடாகிறது. 60 டிகிரி தொட்டால் செல் கிட்டத்தட்ட உடனே சாகும். 50 டிகிரி என்றால் சில நிமிஷம் ஆகும்.

அப்போ பவரை ஏத்திவிட்டா போதுமே? 100 டிகிரி தாண்டினால் நுனியைச் சுற்றியுள்ள நீர் ஆவியாகி, திசு கருகி, இம்பீடன்ஸ் எகிறிவிடும். மின்னோட்டம் அதோட நின்றுபோகும். கல் ரொம்ப காய்ஞ்சா ஊத்தப்பம் அடியில் கருகி, உள்ளே மாவாவே இருக்குமே, அதே கதை. இன்னொரு சிக்கலும் இருக்கு. நுனியை ஒரு கோளமாக எடுத்துக்கொண்டால், தூரம் இரட்டிப்பாகும்போது உருவாகும் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். நேரடியாகச் சூடாவது சில மில்லிமீட்டர்தான், மிச்சமெல்லாம் கண்டக்‌ஷன்.

இதுவரை சொன்னதைக் கசாப்புக்கடை ஈரலை வைத்தே லேபில் பார்த்துவிடலாம். பிறகு எதற்கு உயிருள்ள பன்றி? ரத்தத்துக்காக. மனிதக் கல்லீரலில் நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 37 டிகிரியில் ஓடும் அந்த ரத்தம், ரேடியேட்டர் கூலன்ட் மாதிரி சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். பன்றிகளில் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தைக் கிளாம்ப் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். (இந்தக் கிளாம்ப் முறை 1908இல் பிரிங்கில் என்ற சர்ஜன் ரத்தக்கசிவை நிறுத்தச் சொன்னது.) ரத்தம் நின்றதும் வெந்த பகுதி தெளிவாகப் பெரிதானது.

கல்லீரலை நறுக்கிப் பார்த்தால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால், வெந்த வட்டம் அந்த இடத்தில் உள்வாங்கியிருக்கும். குழாயை ஒட்டி வேகாத செல்கள் ஒரு உறை மாதிரி தப்பித்திருக்கும். நோயாளிக்கு அந்த இடத்தில் கட்டி திரும்ப முளைக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. வழக்கமான சாயம் போட்டால், அப்போதுதான் வெந்து செத்த செல்கூட உயிருள்ளது போலவே தெரியும். அதனால் என்சைம் இன்னும் வேலை செய்கிறதா என்று காட்டும் என்.ஏ.டி.ஹெச். சாயம் போடுகிறார்கள்.

பன்றி முடிவை அப்படியே மனிதனுக்குத் தூக்கிவைப்பதும் சரியில்லை என்பது என் கருத்து. இந்தப் பன்றிகளின் கல்லீரல் பெரும்பாலும் ஆரோக்கியமானது, அதில் கட்டியே கிடையாது. வி.எக்ஸ்-2 என்ற கட்டியை முயல் கல்லீரலில் வளர்க்கலாம், ஆனால் அந்தக் கல்லீரல் ரொம்பச் சின்னது. மனிதர்களிலோ கல்லீரல் புற்று பெரும்பாலும் சிரோசிஸ் வந்த கல்லீரலில்தான் வருகிறது.

சிமுலேஷனில் நாம் போடும் பென்னஸ் சமன்பாடு 1948இல் வந்தது. அது ரத்தத்தை ஸ்பாஞ்சில் ஊறிய தண்ணீர் மாதிரி எங்கும் சமமாகப் பரப்பிவிடும். பக்கத்தில் ஓடும் ஒரு பெரிய குழாயைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுக்கிறவங்க ஜியோமெட்ரியில் அந்தக் குழாயைத் தனியா வரைஞ்சு, ஒரு தடவை ஓட்டத்தோட, ஒரு தடவை ஓட்டத்தை சைபர் ஆக்கி ரன் பண்ணுங்க. ரெண்டு ரன்னிலும் 60 டிகிரி கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.