வெளுத்ததெல்லாம் பாலாமோ?

"வெளுத்ததெல்லாம் பாலல்ல" என்பது பழமொழி. இதன் உண்மையைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் நன்கறிவர். சேர்வராயன் மலையடியில் அகழப்படும் வெள்ளைக்கல்லும் வெண்மை; சுண்ணாம்புக்கல்லின் பொடியும் வெண்மை; ஜவ்வரிசிக்கு ஆகும் மரவள்ளி மாவும் வெண்மை. கண்ணால் மட்டும் இப்பொடிகளை வேறுபடுத்தல் அரிது. ஆயின் இவற்றின்மேற் பட்டுச் சிதறும் ஒளி வேறுபடுத்தும். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இத்துறைக்கு வழிகாட்டியவர், காவிரி நாமக்கற் பகுதியைக் கடந்து சென்று சேரும் திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டிற் பிறந்த சர் சி. வி. இராமன். அவர் கே. எஸ். கிருஷ்ணனோடு கல்கத்தாவில் ஆராய்ந்து, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஓர் உண்மையைத் தெளிந்தார். ஒரே நிற ஒளியை ஒரு பொருளின்மேற் செலுத்தினால், சிதறும் ஒளியிற் பெரும்பகுதி அந்நிறத்தோடே மீளும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும்.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? மூலக்கூற்றில் உள்ள அணுக்கள் ஓயாது அதிர்வன. ஒளி தன் ஆற்றலிற் சிறிதை அவ்வதிர்வுக்கு ஈந்தோ, அதனின்று பெற்றோ செல்லும். அணுக்களின் எடையும் பிணிப்பும் வேறுபட, மாற்றத்தின் அளவும் வேறுபடும். சந்தையிற் பானை கொள்வார் தட்டி ஓசையால் தேர்வதுபோல, ஒளியால் தட்டி மூலக்கூற்றை அறிகின்றோம். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்டுகளே. எனினும் முன்னதில் இம்மாற்றம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1094 அலைகள், பின்னதில் 1086. மக்னீசியமும் கால்சியமும் செய்யும் வேறுபாடு இது. மாவோ 480-ஐ அடுத்துத் தன் கோட்டைக் காட்டும்.

இதனாற் பயன் என்னை? 2008-இற் சீன நாட்டில், நீர் கலந்த பாலில் மெலமின் சேர்க்கப்பட்டமை வெளிப்பட்டது. நைட்ரஜன் அளவால் புரதத்தை மதிக்கும் சோதனையை, நைட்ரஜன் மிகுந்த மெலமின் ஏமாற்றிற்று. குழந்தைகள் அறுவர் இறந்தனர். ஏறத்தாழ 3,00,000 பேர் நோயுற்றனர். அச்சோதனை நைட்ரஜனை அளந்ததேயன்றி, அது எப்பொருளினது என வினவவில்லை. இராமன் முறையோ மெலமினை அதற்கே உரிய கோட்டினாற் காட்டும்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. நிறம் மாறிய ஒளி மிக மெலிது. சில பொருள்களின் இயல்பான ஒளிர்வு அதனை மறைத்துவிடும். 1960-இற் பிறந்த லேசர் ஒளி மெலிவைப் பெரிதும் போக்கிற்று. சொரசொரப்பான வெள்ளியில் ஒட்டிய மூலக்கூறுகள் வலிய கோடுகளைத் தருதல் 1974-இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டனிற் காணப்பட்டது. அதனால் மிகச் சிறிதளவு கலப்பும் அறியலாயிற்று. இன்று இக்கருவி கையில் அடங்கும் அளவினதாயும் கிடைக்கின்றது.

ஆதலின் நண்பர்களே, வெளுத்ததைப் பாலென்று கொள்ளுமுன், அதன் பெயரை ஒளியிடம் கேட்டறிதல் நன்று.